மாமனாரின் இடது கன்னம்

மாப்பிள்ளைக்குப் பேச வராது என்று யாரும் சொல்ல முடியாது. பேச இடம் கிடைத்ததில்லை, அவ்வளவுதான். கல்யாணம் ஆனதிலிருந்து மாமனார் வீட்டு மாடியில் மனைவியோடு குடியிருந்தார். கீழே மாமனாரும் மாமியாரும். அந்த வீட்டில் ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்பது என்று ஓர் ஏற்பாடு பல வருஷங்களுக்கு முன்பே முடிவாகியிருந்தது. பேசுகிறவர் மாமனார்.

மாமனாருக்குத் தொழிலே வாய்தான். ஏலம் விடுபவர். கடையை மூடுகிறவர்கள், வீட்டைக் காலி செய்கிறவர்கள், கூட்டு வியாபாரத்தில் சண்டை போட்டுப் பிரிகிறவர்கள் எல்லோரும் அவரைத்தான் தேடி வருவார்கள். ஓட்டை மேசையைக்கூட, "இதுல உக்காந்து எழுதினவர் யாருன்னு தெரிஞ்சா எழுந்து நின்னுடுவீங்க!" என்று சொல்லி விற்றுவிடுவார். யார் என்று கேட்டால், "அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்பார். இப்போது ஓய்வு என்று பேர். ஆனாலும் பழகிய ஆட்கள் கூப்பிட்டால் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மாப்பிள்ளைக்கும் வாய்தான் தொழில். ஆனால் ஊரார் வாய். பல் மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. வாய்ப்புற்று ஒரே நாளில் வந்து உட்காருவதில்லை. அதற்கு வெகு காலம் முன்பே கன்னத்தின் உள்ளேயோ நாக்கின் ஓரத்திலோ சில செல்கள் மெல்ல உருமாறத் தொடங்கும். வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு தெரியலாம், வலிக்காது. வலிக்காததால் யாரும் கண்டுகொள்வதில்லை. அந்தச் செல்களைச் சின்னப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயம் ஏற்றி, கம்ப்யூட்டரிடம் காட்டினால், அது கெட்டுப்போகப் போகிறவற்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட வேண்டும். அதற்கு அப்படிச் சொல்லிக் கொடுப்பதுதான் ஆராய்ச்சி.

கெட்ட செல்களுக்குப் பஞ்சமில்லை. மருத்துவமனையிலிருந்து வந்துகொண்டே இருந்தன. நல்ல செல்கள்தான் கிடைக்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய, புகை, புகையிலைப் பழக்கம் இல்லாத, ஆரோக்கியமான வாய்கள் தேவை. மாப்பிள்ளை தெருவில் கேட்டுப் பார்த்தார். தையல்காரர், "எனக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்குக் காட்டணும்?" என்றார். ஒன்றும் இல்லாததுதான் வேண்டும் என்று விளக்குவதற்குள் அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார். சலூன்காரர் பல்லை மட்டும் காட்டினார். கடைசியில் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவியான பேராசிரியை, "அவங்கவங்க வீட்டுல இருக்கறவங்க வாயை முதல்ல கொண்டு வாங்க" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை பிரஷ்களோடும் குப்பிகளோடும் கீழே இறங்கினார். மாமியார் சொன்னதும் வாயைத் திறந்தார். தேய்த்து முடித்ததும் மூடினார். வேலை சுத்தமாக முடிந்தது.

"மாமா, நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?"

"தொட்டதே இல்லை."

"புகையிலை, பாக்கு?"

"என் வாய் எனக்குச் சோறு போட்ட வாய், மாப்பிள்ளை. அதுல கண்டதைப் போடுவேனா?"

"வாயைத் திறங்க."

மாமனார் வாயைத் திறந்தார். திறந்த வாயைச் சும்மா வைத்திருந்து அவருக்குப் பழக்கமில்லை. ஒரு பழைய தியேட்டரின் நாற்காலிகளை வரிசை வரிசையாக விற்ற கதை வெளியே வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாப்பிள்ளைக்கு வழியே இல்லை. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அவர் மூச்சு வாங்கிய நேரத்தில் பிரஷ்ஷை நுழைத்து, இடது கன்னத்தில் ஒரு தேய்ப்பு, வலது கன்னத்தில் ஒரு தேய்ப்பு தேய்த்து வெளியே எடுத்துவிட்டார். பிரஷ் திரும்பி வந்ததே பெரிய விஷயம்.

பிரஷ்ஷைக் குப்பியிலிருந்த திரவத்தில் முக்கிவிட்டு நம்பர் ஒட்டப் போனபோது மாமனார் தடுத்தார். "நம்பரா? நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?" பேனாவை வாங்கித் தன் முழுப் பெயரையும், அப்பா பெயரையும், "ஏல வல்லுநர்" என்பதையும் எழுதினார். எழுத்து குப்பியைச் சுற்றி வந்து மூடியில் ஏறி முடிந்தது.

மறுநாள் தகடுகளுக்குச் சாயம் ஏற்றினார்கள். அந்த வேலையைச் செய்யும் பெண்ணை எல்லோரும் கண்ணாடி என்றே கூப்பிடுவார்கள். நாள் முழுக்கக் கண்ணாடித் தகடுகளோடு இருப்பதாலா, மூக்கின் மேல் இருந்த சோடாபுட்டிக் கண்ணாடியாலா என்று தெரியாது. ஒவ்வொரு தகடாகக் கம்ப்யூட்டர் படித்தது. மாமியாரின் தகட்டில் ஒரு வட்டம்கூட இல்லை. மாமனாரின் தகட்டைப் படித்த கம்ப்யூட்டர், அம்மை போட்டது மாதிரி திரை முழுக்க வட்டம் போட்டது.

மாப்பிள்ளை திரையைத் துடைத்தார். வட்டங்கள் போகவில்லை. குப்பியில் மிச்சமிருந்த திரவத்தில் இன்னொரு தகடு தயாரித்தார்கள். அதிலும் அதே கதை. கண்ணாடி மைக்ராஸ்கோப்பில் குனிந்து வெகு நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "செல்லுக்குள்ள உட்கரு ஊதியிருக்கு சார். கறுப்பாவும் இருக்கு. மெஷின் உளறலை."

பேராசிரியை வந்து பார்த்தார். "யாரோடது இது?" என்று கேட்டுக்கொண்டே குப்பியைத் திருப்பினார். திருப்பித் திருப்பிப் படித்து முடித்தவர், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "மெஷின் இன்னும் கத்துக்குட்டிதான். அது சொல்றதை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. ஆனா வாயை நல்லாப் பார்க்கணும். திட்டு ஏதாவது இருந்தா டாக்டர் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பார். நாளைக்கே வரச் சொல்லுங்க. பயமுறுத்தாம சொல்லுங்க."

பயமுறுத்தாமல் சொல்வது இருக்கட்டும், எப்படியாவது சொல்ல முடிந்தால் போதும் என்று இருந்தது மாப்பிள்ளைக்கு. மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் தண்ணீர் மோட்டார் ரிப்பேர்காரரின் நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வாசல் கதவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"மாமா, உங்க சாம்பிள் விஷயமா..."

"சொல்லுங்க, எப்படி இருக்காம்?"

"உங்களை மறுபடி ஒரு தடவை வரச் சொல்றாங்க."

"வரச் சொல்றாங்களா! மத்தவங்களையும் கூப்பிட்டாங்களா?"

"இல்ல மாமா. உங்களை மட்டும்தான். ஏன்னா..."

அந்த "ஏன்னா"வோடு மாப்பிள்ளையின் முறை முடிந்துவிட்டது. "கேட்டியா!" என்று மாமனார் சமையலறைப் பக்கம் கூவினார். "இத்தனை பேர் வாயைப் பார்த்திருக்காங்க. என்னை மட்டும் மறுபடி கூப்பிடுறாங்க!" செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். விளக்கு வைக்கும் நேரத்துக்குள், அவருடைய வாய் ஆராய்ச்சிக்குத் தேர்வான செய்தி தையல்காரருக்கும் சலூன்காரருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சலூன்காரர் கை குலுக்கினாராம்.

மாடியில் மனைவியிடம் மட்டும் மாப்பிள்ளை உண்மையைச் சொன்னார். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியது. கீழே அப்பா தொலைபேசியில் யாரிடமோ, "மெஷினே ஆடிப்போச்சாம்" என்று சொல்வது கேட்டது. அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக மறுபடி அழுதாள்.

"இப்ப எதுவும் சொல்லாதீங்க," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பல் டாக்டர்னாலே அப்பா தெருவை மாத்திப் போறவர். இப்ப தானா வர்றேங்கறார். அப்படியே கூட்டிட்டுப் போயிடுங்க."

மறுநாள் மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தார். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். குளிர்பெட்டியைத் தட்டிப் பார்த்து நல்ல பெட்டி என்றார். திரையில் தன் பெயரைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தச் சிவப்பு வட்டமெல்லாம் என்னம்மா?"

கண்ணாடி தன் சோடாபுட்டியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். "அது... கவனிக்க வேண்டியதுன்னு மெஷின் நினைக்கிறது, சார்."

"கவனிக்க வேண்டியது!" மாமனார் திரும்பி அறையிலிருந்த எல்லோரையும் பார்த்தார். "என் வீட்டுக்காரிக்கு எத்தனை?"

"ஒண்ணும் இல்லை சார்."

"பாவம், அவகிட்ட சொல்லாதீங்க."

பிறகு எழுந்து நின்று, இளைஞர்கள் வாழ்க்கையில் முன்னேறுவது பற்றி நாலு வார்த்தை சொல்லத் தொடங்கினார். மாப்பிள்ளை டார்ச்சோடும் வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியோடும் பக்கத்தில் வந்து நின்றார். "மாமா, கொஞ்சம் வாயைத் திறங்க." திறந்தார், முன்னேற்றம் வெளியே வந்தது. "மாமா, ஒரு நிமிஷம்." நிமிஷத்தின் அருமையைப் பற்றி அவரிடம் சொல்ல நிறைய இருந்தது. டார்ச் வெளிச்சம் அவர் மூக்கில் விழுந்தது, மோவாயில் விழுந்தது, ஆடிக்கொண்டிருந்த நாக்கில் விழுந்தது. பேராசிரியை கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையையே பார்த்தார்.

"மாமா, வாயை மூடுங்க!"

யார் கத்தியது என்று மாப்பிள்ளையே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். அறை கப்சிப் என்று ஆனது. மூலையில் குப்பிகளைச் சுழற்றிக்கொண்டிருந்த இயந்திரத்தின் ரீங்காரம் மட்டும் கேட்டது. மாமனாரின் வாய் மூடியிருந்தது.

"இப்ப திறங்க."

திறந்தது. உள்ளேயிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் முதல் தடவையாக மாமனாரின் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று மாப்பிள்ளை பார்த்தார். இடது கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, வெள்ளையாகப் பால் ஆடை ஒட்டினாற்போல் ஒரு திட்டு. பஞ்சால் துடைத்தார். போகவில்லை.

"வலிக்குதா?"

மாமனார் இல்லை என்று தலையை ஆட்டினார். "என்னது அது?" என்றார். அந்தக் குரல் பக்கத்தில் நின்ற கண்ணாடிக்குக்கூடக் கேட்கவில்லை.

மாப்பிள்ளை அவர் எதிரே உட்கார்ந்து சொன்னார். திட்டைப் பற்றி, செல்களைப் பற்றி, மெஷின் தப்பாகவும் சொல்லலாம் என்பதைப் பற்றி, தப்பாக இல்லாவிட்டாலும் இது புற்று என்று அர்த்தமில்லை என்பதைப் பற்றி, சீக்கிரம் பார்த்துவிட்டதால் வழி இருக்கிறது என்பதைப் பற்றி. மாமனாரிடம் அவர் அத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசியது அதுதான் முதல் முறை.

"அப்ப அந்த வட்டமெல்லாம்..."

"நல்லது இல்ல மாமா."

மாமனார் திரையைப் பார்த்தார். "அவளுக்கு ஒண்ணுகூட இல்லன்னு சொன்னாங்களே. அது நிச்சயமா?"

"நிச்சயம் மாமா."

"சரி," என்று எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "டாக்டர் எங்க இருக்கார்?"

டாக்டர் முன்பக்கக் கட்டடத்தில் இருந்தார். அதிகம் சிரிக்காத மனிதர். "சிகரெட் உண்டா?" என்று கேட்டார்.

"தொட்டதே..." என்று தொடங்கிய மாமனார், டாக்டர் பேனாவைக் கீழே வைத்ததும் நிறுத்தினார். "முன்னாடி. ஏலத்தப்ப மட்டும்."

"எப்பப்ப ஏலம்?"

"தினமும்."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "தொட்டதே இல்லைன்னு சொன்னீங்களே மாமா."

"கையால தொடலை மாப்பிள்ளை. கையில சுத்தியல் இருக்குமே. பக்கத்துல நிக்கறவன்தான் வாயில வெச்சு விடுவான்." பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "உங்க வீட்டுக்காரி பிறந்தப்ப விட்டுட்டேன்."

டாக்டர் ஒரு துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை வீட்டில் மற்றவர்கள் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஓடி வந்தார்கள். மாமனாருக்கு மட்டும் வேறு கவலை. "இந்த வீட்டு மாப்பிள்ளை, அத்தனை பேர் முன்னாடி, என்னைப் பார்த்து வாயை மூடுங்கன்னு சொல்லிட்டார்," என்று மாமியாரிடம் முறையிட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? மூடிட்டேன்."

மாமியார் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி ஏதோ சத்தம் கேட்டது. சற்று நேரத்தில், முழங்கால் வலியையும் பார்க்காமல் மாடிப்படி ஏறி வந்தார். "மாப்பிள்ளை, அன்னைக்கு எந்தக் குரல்ல சொன்னீங்க? கொஞ்சம் சொல்லிக் காட்டுங்களேன்," என்றார். மாப்பிள்ளை எவ்வளவு முயன்றும் அந்தக் குரல் திரும்ப வரவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. புற்று இல்லை. ஆனால் அந்த வழியில் நடக்கத் தொடங்கிய செல்கள். திட்டை முழுசாக எடுத்துவிடலாம், பிறகு அவ்வப்போது வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். கன்னத்துக்குள் தையல் போட்டார்கள். தையல் ஆறும்வரை பேசக் கூடாது என்றார்.

"பேசக் கூடாதுன்னா?" என்று மாமியார் கேட்டார்.

"பேசக் கூடாதுன்னா, பேசக் கூடாது."

மாமியார் அதை எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

அங்கேதான் சிக்கல். மூடப்போகும் ஒரு தங்கும் விடுதியின் சாமான்களை ஏலம் விட மாமனார் முன்பே ஒத்துக்கொண்டிருந்தார். விடுதிக்காரர் பழைய சிநேகிதர். ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. மாமனார் பேச்சுக்குப் பதிலாகக் கையில் வைத்திருந்த சிலேட்டுப் பலகையில் எழுதிக் காட்டினார்: "மாப்பிள்ளை விடுவார்." மாப்பிள்ளை தலையை ஆட்டி மறுத்தார். மாமனார் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, பரிதாபமாக ஒரு பார்வை பார்த்தார். வாய் திறக்காமலே ஆளை வளைக்கும் வித்தையும் அவருக்குத் தெரிந்திருந்தது.

விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் நல்ல கூட்டம். மாப்பிள்ளை கையில் மைக். பக்கத்தில் நாற்காலியில் மாமனார். முதலில் ஒரு மேசை வந்தது.

"இது மேசை," என்றார் மாப்பிள்ளை. "ஒரு கால் ஆடுது."

மாமனார் அவர் முழங்காலில் இடித்தார்.

"எந்தக் கால்?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"இந்தக் கால். மத்த மூணையும் சோதிச்சுப் பார்த்துட்டேன், பரவாயில்லை."

மேசையை யாரும் கேட்கவில்லை. அடுத்து ஒரு பெரிய பீரோ.

"தேக்கா?" என்று ஒரு பெண்மணி கேட்டார்.

"தேக்குன்னு சொல்றாங்க. எனக்குத் தெரியாது. கொஞ்சம் சுரண்டிக் கொடுத்தீங்கன்னா மைக்ராஸ்கோப்ல பார்த்துச் சொல்றேன்."

மாமனாருக்குப் பொறுக்கவில்லை. மூடிய வாய்க்குள்ளிருந்து "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல் வந்தது. கூட்டம் அவரைப் பார்த்தது. நரைத்த தலை, வீங்கிய கன்னம், கலங்கிய கண். பீரோவின் சொந்தக்காரர், பிரிய மனமில்லாமல் முனகுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். "பாவம், பரம்பரைச் சொத்து போல இருக்கு," என்று அந்தப் பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம் சொல்லி, ஒரு விலை கேட்டார். மாப்பிள்ளை அதை அப்படியே ஏற்கப் போனார். மாமனார் இன்னும் சத்தமாக முனகினார். பின்வரிசையிலிருந்து இன்னொருவர் அதற்கு மேலே கேட்டார். முனகல் ஏற ஏற விலையும் ஏறி, பீரோ நல்ல விலைக்குப் போயிற்று.

மாமனாருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அடுத்த கட்டிலுக்கு மார்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். அதற்கடுத்த கட்டிலுக்கு நாற்காலியில் சாய்ந்தே விட்டார். அது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஒருவர் தண்ணீரோடு ஓடி வந்தார். "பெரியவருக்கு உடம்பு சரியில்லையா?"

மாப்பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஆமாங்க," என்றார் மைக்கிலேயே. "வாயில தையல் போட்டிருக்கு. கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒரு திட்டு இருந்தது. வலிக்கவே இல்லை. அதனால அவருக்கே தெரியலை. விட்டிருந்தா புற்றா மாறியிருக்கலாம்."

 வலிக்காதா என்று ஒருவர் கேட்டார். வலிக்காது என்றார் மாப்பிள்ளை. எப்படித் தெரியும் என்று இன்னொருவர் கேட்டார். அவர் சொன்னார். யாரும் குறுக்கே பேசவில்லை. குறுக்கே பேசுகிறவர் வாயில்தான் தையல் இருந்ததே. கடைசியில் தண்ணீர் கொண்டு வந்தவரே முன்னால் வந்து, "எனக்குக் கொஞ்சம் பாருங்களேன்," என்று வாயைப் பிளந்தார். அவர் பின்னால் பீரோ வாங்கிய பெண்மணி நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது. மாப்பிள்ளை ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். மாமனார் டார்ச் பிடித்தார். வரிசையில் முண்டியவர்களைச் சுத்தியலைக் காட்டி நிறுத்தினார். பழக்கம் இல்லாத, நல்ல வாய்க்காரர்கள் பலர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து சாம்பிள் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். ஒரு லாரி டிரைவரின் நாக்கோரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. மாப்பிள்ளை அவரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசி, டாக்டரிடம் அனுப்பிவைத்தார்.

"என் கட்டிலெல்லாம் என்ன ஆகுறது?" என்று விடுதிக்காரர் கத்திக்கொண்டிருந்தார். பாதிக் கட்டில்கள் விற்காமலே நின்றன. மேசையும் நின்றது.

தையல் பிரித்த அன்று மாப்பிள்ளைதான் கூட்டிப் போனார். "இனிமே பேசலாம்," என்றார் டாக்டர். மாமனார் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை இல்லை. மாப்பிள்ளைக்குக் கவலையாகிவிட்டது.

"வலிக்குதா மாமா?"

இல்லை என்று தலையசைத்தார். கொஞ்ச தூரம் போனது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"அந்த மேசை விஷயம், மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"கால் ஆடுதுன்னு சொன்னீங்க பாருங்க. ஆடுதுன்னு சொல்லக் கூடாது. வளைஞ்சு கொடுக்குதுன்னு சொல்லணும். அதாவது, உக்காந்து எழுதுறவனோட கைக்குத் தகுந்த மாதிரி..."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் சிரித்தார். மாமனார் மேசையின் மற்ற கால்களுக்கு வந்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் ஜன்னலுக்கு வெளியே வந்து, நின்று, நகர்ந்து போயிற்று. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சொல்லவில்லை.